அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நீ வாடகைக்குப் பார்த்திருக்கும் சென்னை நீலாங்கரை வீட்டுப் படங்களை அம்மாவும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மாடியில் நின்றால் கடல் தெரியும், தெருவில் வண்டிச் சத்தமே இல்லை, பெருங்குடி ஆபீசும் பக்கம்தான் என்று சொன்னபோது உன் குரலே மாறியிருந்தது. துரைப்பாக்கம் ரூமில் லாரிச் சத்தத்தில் தூக்கம் கெட்டுக் கிடந்தவள் நீ. இந்த மாற்றம் உனக்கு வேண்டியதுதான், எனக்குத் தடையில்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த வீட்டின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் தண்ணீரையும் பார்த்துவிடு.

படத்தில் சுவரெல்லாம் புது பெயிண்ட். குடி மாறும்போது எல்லா வீட்டிலும் அடிப்பார்கள். அதனால் ஹாலைப் பார்க்காதே, பெயிண்ட் போகாத இடத்தைப் பார். மொட்டை மாடி டேங்குக்கு அடிப்பக்கம், சன்ஷேடின் கீழ்ப்புறம், பால்கனியின் அடி, மோட்டார் ரூம். கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக விரிசல் ஓடினாலோ, பழுப்புக் கறை இறங்கியிருந்தாலோ உள்ளே துரு பிடித்துவிட்டது என்று அர்த்தம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமெண்டே காக்கும். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து உள்ளே இறங்கினால் அந்தக் காப்பு போய்விடும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் பூச்சைத் தள்ளும், ஒரு நாள் சீலிங் துண்டாகக் கீழே விழும். படுக்கையறை சீலிங்கை ஒரு குச்சியால் தட்டிப் பார். கணீரென்று இல்லாமல் பொத்தென்று சத்தம் வந்தால் அந்த வீடு வேண்டாம், எவ்வளவு வாடகை குறைத்தாலும் வேண்டாம். பெங்களூரில் மேஸ்திரி வேலை பார்த்த காலத்தில் துருப்பிடித்த கம்பியை வெறும் பூச்சால் மூடச் சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது நிற்காது, கண்ணு.

ஜன்னல் கிரில், கேட் கீல், ஏ.சி.யின் வெளிப்பெட்டி, மீட்டர் பெட்டி எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார். கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற டிரிப்பர் இருக்கிறதா என்று கேள். ஈரக்காற்று வீட்டில் அது இல்லாமல் நீ கீசர் போடுவது எனக்குச் சம்மதமில்லை. உன் ஸ்கூட்டியை வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவு.

இனி தண்ணீர். இதில்தான் எனக்குக் கவலை அதிகம், ஏன் என்று உனக்குத் தெரியும். நம் தர்மபுரிப் பாறைக்குள்ளிருந்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு கலந்து வந்தது. பார்க்கத் தெளிவாக இருக்கும், குடித்தால் ருசி தெரியாது, காய்ச்சினாலும் போகாது. என் பல்லில் இருக்கும் பழுப்பும், அம்மா உட்கார்ந்து எழும்போது படும் பாடும் அந்தத் தண்ணீர் கொடுத்தவை என்றுதான் நான் நினைக்கிறேன். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை அதைத்தான் குடித்தோம். தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யாதே, சோதித்து முடிவு செய் என்று நான் சொல்வது அதனால்தான்.

அங்கே பிரச்சினை வேறு, உப்பு. கடற்கரை மணலுக்கு அடியில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும், எடை குறைவு என்பதால். ஆளாளுக்கு போர் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் மேலே இருப்பது தீரும், கீழே இருப்பது ஏறி வரும். ஏறிவிட்டால் சுலபத்தில் திரும்பாது. ஆகவே மழை முடிந்த தை மாதத்தில் தண்ணீர் நன்றாக இருப்பதை நம்பாதே. மே மாதம் எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேள். சோப்பு நுரைக்கிறதா, ஷவர் கண்களில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார். மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, லாரித் தண்ணீர் வாங்கினால் காசை யார் தருவது என்பதையும் இப்போதே பேசிவிடு.

பத்திரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீ படித்தவள். 2017-ல் வந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. உன்னிடம் ஆறு மாதம் கேட்கிறார்கள், மரியாதையாகவே பேசிக் குறை. கட்டடத்தின் பெரிய ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கட்டும். கரண்டுக்குத் தனி மீட்டரா, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவரே வாங்குகிறாரா என்றும் கேட்டுக்கொள்.

தெரு அமைதி என்றாய். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் சனி ஞாயிறு மட்டும் ஆள் வந்து போகும் பங்களாக்கள் உண்டு. உன் தெருவில் எத்தனை வீட்டில் தினமும் விளக்கு எரிகிறது என்று வேலை நாளில் ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பார். கூட ஒரு சிநேகிதியைக் கூட்டிப் போ. ஆள் குடியிருந்து அமைதியாக இருக்கும் தெருதான் உனக்கு வேண்டும். குப்பத்தில் மீன் வாங்கும் சாக்கில் நாலு பேரிடம் பழகிக்கொள், ஆபத்துக்கு ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான்.

கடலில் இறங்காதே. கடல் பார்த்து வளர்ந்தவர்கள் அல்ல நாம். கரையில் தண்ணீர் முழங்கால் அளவே இருந்தாலும் உள்ளிழுக்கும் ஓட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் காட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் உன்னை நான் குளிக்க விட்டதில்லை, நீலாங்கரையிலும் மீனவர் சொல்வதைக் கேள். தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடக் கரையேறுமாம், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிப் போய்விடுமாம். அந்த மாதங்களில் கடல் பக்க விளக்கை அணைத்து வை.

அடுத்த வாரம் ஊருக்கு வரும்போது அந்த வீட்டு போர் தண்ணீரை சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் பிடித்து வா. இங்கே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். போகும்போது எடுத்துப் போக அம்மா ராகி மாவும் புது புளியும் கட்டி வைத்திருக்கிறாள். பத்திரத்தின் நகலை முன்னாலேயே போட்டோ எடுத்து அனுப்பு, நான் ஒரு தரம் படித்துவிடுகிறேன்.

உன் அப்பா,
பாலக்கோடு