ஸ்டார்மை விற்பதற்கு முன் ஒரு கேஜ் மாட்டிப் பார்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு இடம் அமைந்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தை மாதம் முகூர்த்தம் என்றால் நாங்கள் முன்கூட்டியே கோயம்புத்தூர் வந்துவிடுவோம். பந்தி மேற்பார்வை என்னுடையது, வேறு யாரிடமும் ஒப்படைத்துவிடாதே.

கடைசிப் பத்திதான் சங்கடமாக இருந்தது. உன் சான் ஸ்டார்ம் காரை விற்கப் போகிறாயா? சோழவரம் ரன்வேயில் வெயிலில் நின்று ரேஸ் பார்த்த நாளிலிருந்து இரண்டு சீட் வண்டி வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நீ. சூடான இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடித்து வந்தால் கிளம்புவதில்லை, ஷெட்டில் பெட்ரோல் வாடை, இன்ஜினுக்குப் பெட்ரோல் பீச்சும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்று என்கிறார் மெக்கானிக், ஸ்பேர் கிடைக்கவில்லை. இதுதானே காரணம்? இதே கோளாறு என் மாஸ்டா மியாட்டா காருக்கும் வந்து இப்போதுதான் தீர்ந்தது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் வேலை, வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை வண்டியை எடுக்காதே. உன்னுடையது ஃபைபர் பாடி. தீப்பிடித்தால் எதுவும் மிஞ்சாது. இன்ஜெக்டரின் மேல்பக்கத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தளர்ந்தால் பெட்ரோல் வெளியே கசிந்து சூடான இன்ஜின் மேல் விழும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ரெயிலைச் சுற்றி விரலால் தடவிப் பார், ஈரம் இருந்தால் இதுதான். இன்னொரு வகைக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. இன்ஜெக்டருக்குள் இருக்கும் ஊசி தன் இருக்கையில் சரியாக உட்காராமல், இன்ஜினை அணைத்த பிறகும் காற்று போகும் மேனிஃபோல்டுக்குள் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும். சூட்டில் அது ஆவியாகி நிறைந்துவிடுவதால்தான் அடுத்த தடவை செல்ஃப் அடித்தால் இன்ஜின் திணறுகிறது.

கருவி எதுவும் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். சூடாக நின்றுபோன வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடி. இருமிக்கொண்டு, கரும்புகை விட்டுக் கிளம்பினால் உள்ளே பெட்ரோல் அதிகமாகத் தேங்கியிருக்கிறது என்று பொருள். அப்படி இல்லாமல், சாவியை நாலைந்து முறை ஆன், ஆஃப் செய்தபின் சுலபமாகக் கிளம்பினால் லைனில் அழுத்தம் இறங்கிப்போயிருக்கிறது. அப்போது பெட்ரோல் பின்னால் திரும்பாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வைச் சந்தேகப்படு. டிப் ஸ்டிக்கையும் முகர்ந்து பார். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால், பழுது சரியானதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஓட்டாதே. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

இனி பெட்ரோல் லைனின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் விஷயம். எல்லாமே இதில்தான் இருக்கிறது. பம்ப்பை ஓடவிட்டு நிறுத்திய பிறகு அழுத்தம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதே கேள்வி. மியாட்டாவில் இன்ஜின் பக்கத்து டயக்னாஸிஸ் பெட்டியில் எஃப்/பி, ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளை ஒரு ஒயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் இன்ஜின் ஓடாமலே பம்ப் ஓடும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றிவிட்டால் 38 முதல் 46 பிஎஸ்ஐ வரை காட்ட வேண்டும். எனக்கு அது சரியாகவே காட்டியது. பம்ப்பை நிறுத்தியதும் முள் கண்ணெதிரே சரிந்தது. மிச்சப் பெட்ரோலை டாங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸை அடைத்துப் பார்த்தேன், அப்போதும் சரிந்தது. அடைத்ததும் முள் இறங்காமல் நின்றிருந்தால் ரெகுலேட்டர்தான் குற்றவாளி. அடுத்து பம்ப்பிலிருந்து வரும் சப்ளை ஹோஸையும் அடைத்தேன். மறுபடியும் சரிவு. வெளியில் ஈரமும் இல்லை. ஆக, மிச்சமிருந்தது இன்ஜெக்டர் மட்டும்.

உன் ரெனோ இன்ஜினில் ரிட்டர்ன் லைன் இருக்கிறதா என்று முதலில் பார். நைலான் குழாயாக இருந்தால் எக்காரணம் கொண்டும் நசுக்காதே. ரப்பர் ஹோஸாக இருந்தாலும் வழவழப்பான கிளாம்ப்தான் வேண்டும், பழைய ரப்பர் வெடித்துவிடும். ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸுக்குள் பெட்ரோல் நனைந்திருந்தால் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ஜவ்வு கிழிந்திருக்கிறது. அதைச் சோதிக்காமல் இன்ஜெக்டர் வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

பிளக்குகளைக் கழற்றியபோது மூன்றாவது மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. ரெயிலை இன்ஜெக்டர்களோடு தூக்கி, கீழே நான்கு கண்ணாடிக் கப் வைத்துப் பம்ப்பை ஓட்டியதும் மூன்றாவதன் நுனியில் சொட்டுத் திரண்டு விழுந்தது. இதைத் திறந்த வெளியில், ஆறிய இன்ஜினில், பக்கத்தில் தீயணைப்பானோடு மட்டும் செய். ரெயிலைக் கழற்றுமுன் பம்ப் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட்டி அழுத்தத்தை இறக்கு. பிறகு பேட்டரி ஒயரைக் கழற்று. சொட்டைப் பார்க்கும்போது மட்டும் இரண்டையும் திரும்ப இணைத்தால் போதும்.

சில மெக்கானிக்குகள் மீட்டர் வைத்து காயிலின் மின்தடையை (ஓம்) பார்த்துவிட்டு இன்ஜெக்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். மியாட்டாவுடையது 12 முதல் 16 ஓம் காட்டும். காயில் பிழைத்திருக்கிறது என்று மட்டும்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். கசிவைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது.

நான்கையும் அம்பத்தூரில் அல்ட்ராசோனிக் மெஷின் வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். பொறுமையான பையன். கழுவி, எதிர்த்திசையில் அலசி, உள்ளே இருக்கும் சின்ன வலை ஃபில்டரை மாற்றி, பெஞ்ச்சில் மாட்டி ஸ்ப்ரேயையும் அளவையும் எனக்குக் காட்டினார். மற்ற மூன்றும் சொட்டாமல் இறுக மூடிக்கொண்டன. மூன்றாம் எண் இன்ஜெக்டர் மட்டும் கழுவிய பிறகும் சொட்டியது. ஊசியின் இருக்கை அரித்துவிட்டால் எந்தக் கழுவலும் உதவாது. அந்த ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி, மற்றவற்றோடு அளவு ஒத்துப்போகிறதா என்று பெஞ்ச்சில் பார்த்தபின் மாட்டினேன். புதுப்பேட்டையில் கழற்றிய இன்ஜெக்டர் மலிவாகக் கிடைக்கும். பெஞ்ச்சில் ஏற்றிப் பார்க்காமல் அதைத் தொடாதே.

ஓ-ரிங்குகளை ஜி.பி. ரோட்டில் பெட்ரோலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் என்று கேட்டே வாங்கினேன். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நம் வண்டிகளின் பழைய ரப்பர் அதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வேளச்சேரியில் மழை என்றால் ஜனங்கள் பாலத்தின் மேல் காரை நிறுத்துவது உனக்குத் தெரியும். நான் மியாட்டாவை அண்ணா நகரில் மச்சான் வீட்டில் விட்டுவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை முழுக்க அது அங்கே அசையாமல் நிற்கும். அப்படி நின்றுபோகும் வண்டியில்தான் பெட்ரோல் வற்றி ஊசியில் பிசினாகப் படிகிறது, டாங்க்கில் துரு பிடிக்கிறது. உன் வண்டியும் மாதக்கணக்கில் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அதனால் பெட்ரோல் ஃபில்டரையும் சேர்த்தே மாற்று.

மாட்டும்போது ஓ-ரிங்கில் துளி இன்ஜின் ஆயில் தடவி, முறுக்காமல் நேராக அமுக்கு. இன்ஜினைக் கிளப்புமுன் பம்ப்பை மட்டும் ஓட்டி, டார்ச் அடித்து எல்லா மூட்டையும் பார்.

என் பிரஷர் கேஜையும் கிளாம்ப்பையும் நாளை பஸ் பார்சலில் போடுகிறேன். அடாப்டர் உன் லைனுக்குப் பொருந்தாவிட்டால் காந்திபுரம் பக்கம் ஏதாவது ஹோஸ் கடையில் செய்துகொள். பம்ப் ஓடும்போது எவ்வளவு, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு, இந்த இரண்டு எண்ணையும் குறித்துவைத்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அதுவரை வண்டி கேட்டு வருகிறவர்களிடம் விலை பேசாதே.

அன்புடன்,
ரகு