விளம்பரம் இல்லாத டிவி

நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலந்தானே? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால் வேலை முடிந்து வந்ததும் டிவிதான் துணை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்; சரித்திர வாத்தியாருக்குப் பிடிக்கும் சேதி ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் பி.பி.எஸ். என்று ஒரு பொதுத் தொலைக்காட்சி. தூர்தர்ஷன் போல அரசாங்கம் நடத்துவது இல்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிலையங்கள், நிர்வாகமும் உள்ளூரில்தான். நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் கிடையாது. 1974லிருந்து வரும் ‘நோவா’ அறிவியலுக்கு, 1983லிருந்து வரும் ‘ஃப்ரண்ட்லைன்’ புலனாய்வுக்கு. இரண்டும் இந்தப் பருவத்திலும் உண்டு.

ஆனால் எல்லோரும் பேசுவது ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் குழு அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றி எடுத்த ‘தி அமெரிக்கன் ரெவல்யூஷன்’ தொடரைத்தான். நவம்பர் 16 ஞாயிறு தொடங்கி வரிசையாக ஆறு இரவு, மொத்தம் 12 மணி நேரம். எடுத்து முடிக்கப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. 1990ல் வந்த இவருடைய அமெரிக்க உள்நாட்டுப் போர் படத்தில் பழைய புகைப்படங்கள் மேல் கேமரா மெல்ல நகரும். அதுதான் அவர் பாணி என்றே ஆகிவிட்டது. 1776ல் புகைப்படம் ஏது? அதனால் இந்த முறை ஓவியங்கள், வரைபடங்கள், அந்தக் காலத்துக் கடிதங்களை நடிகர்கள் படிக்கும் குரல், அப்புறம் பழைய சீருடை போட்டுப் போர்க்காட்சியை நடித்துக் காட்டுகிறவர்கள். பொம்மை யுத்தம் மாதிரி ஆகிவிடுமோ என்று நினைத்தேன். முன்னோட்டத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

நீங்கள் இதைக் கேளுங்கள். திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாகக் கொண்டுபோனதாக வகுப்பில் சொல்வீர்களே, அந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படைதான் 1781ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தது. அவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகு ஐந்தே வருஷத்தில் நம் ஊருக்குக் கவர்னர் ஜெனரல்! 1792ல் திண்டுக்கல்லும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போனது அவர் காலத்தில்தானே. 1773ல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய தேயிலையும் அதே கும்பெனி சரக்கு. ஆபீஸில் இதைச் சொன்னேன். யார்க்டவுனுக்கு அப்புறம் அந்த மனிதர் எங்கே போனார் என்று இங்கே யாரும் யோசித்ததே இல்லை போலிருக்கிறது.

இத்தனை பெரிய வேலை வெளிவரும் நேரத்தில் காசுக்குத்தான் திண்டாட்டம். பொது வானொலிக்கும் டிவிக்கும் ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை ஜூலையில் இந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க 1967 சட்டப்படி அமைந்த கழகம் கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய நகரத்து நிலையங்கள் நன்கொடையில் சமாளித்துவிடும். ஆள் குறைந்த கிராமப்புறத்து நிலையங்கள் பாடுதான் கஷ்டம்.

நன்கொடை கேட்கிற அழகையும் சொல்ல வேண்டும். நல்ல கட்டத்தில் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு இரண்டு பேர் வந்து நின்று, இவ்வளவு கொடுத்தால் ஒரு துணிப்பை, இவ்வளவுக்கு ஒரு கோப்பை என்று விடாமல் பேசுவார்கள். இதற்கு விளம்பரமே மேல் என்று தோன்றும். இருந்தாலும் மாதம் பத்து டாலர் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். பை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பதினாறாம் தேதியிலிருந்து ஒரு வாரம் உங்கள் காலையில் போன் செய்கிறேன், முந்தின இரவு பார்த்ததைச் சொல்ல. கார்ன்வாலிஸைப் பற்றி என்னவெல்லாம் கேட்க வேண்டுமோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்