பட்டுச் சேலையில் வாருங்கள், சைக்கிளில் வாருங்கள்: தங்கச்சிமடம் சைக்கிள் கொட்டகைக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ராமேஸ்வரம் தீவுத் தங்கச்சிமடத்தில், பழைய வண்டிகளைத் தேற்றி வைக்க ஒரு சைக்கிள் கொட்டகை போட்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்கூடிச் சைக்கிள் உலா போவது என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு 3,10,000 ரூபாய் வேண்டும். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிட்டோம். இனி விவரம்.

உலா என்றால் பந்தயம் இல்லை. முதலில் வருகிறவருக்குக் கோப்பையும் கிடையாது, கடைசியில் வருகிறவருக்குக் கேலியும் கிடையாது. உடம்போடு ஒட்டிய பந்தய உடையில், குனிந்த தலை நிமிராமல் தனுஷ்கோடி தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குப் போகிற வெளியூர் அணிகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள்மேல் நமக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நம்முடையது வேறு. கல்யாணத்துக்கோ, பெருநாள் தொழுகைக்கோ, மாதா கோவில் திருவிழாவுக்கோ என்ன உடுத்துவீர்களோ அதையே உடுத்திக்கொண்டு வாருங்கள். கஞ்சி போட்ட வேட்டி, பட்டுச் சேலை, இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, கூலிங் கிளாஸ், எல்லாம் சரி. வண்டிக்கும் அலங்காரம் வேண்டும். ஹேண்டில்பார் நுனியில் குஞ்சம் தொங்கட்டும், சக்கரக் கம்பிகளுக்கு நடுவே கலர் பேப்பர் ஓடட்டும். மல்லிகை நாற்றை ஊர் ஊராக அனுப்புகிற ஊர் நம்முடையது. ஒரு முழம் பூவைச் சைக்கிளுக்கும் சுற்றினால் குறைந்தா போய்விடுவோம்?

இதெல்லாம் என்ன வேலையற்ற வேலை என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மூரில் இன்று சைக்கிள் யாருக்கு என்று பாருங்கள்: பள்ளிக்கூடப் பிள்ளைக்கு, இல்லையென்றால் வேறு வழியில்லாதவருக்கு. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளை பிளஸ் டூ முடிகிறவரை ஓட்டுகிற பையன், கல்லூரியில் கால் வைத்ததும் பைக் கேட்டு அடம்பிடிக்கிறான். பைக் வரும்வரை நடப்பான், ஷேர் ஆட்டோவில் தொற்றுவான், சைக்கிளை மட்டும் தொடமாட்டான். எங்கள் குழுவில் ஒருவர் ஒரு முகூர்த்தத்துக்கு வெள்ளை வேட்டி சட்டையில் சைக்கிளில் போய் இறங்கினார். கார்களுக்கெல்லாம் விசில் ஊதி இடம் காட்டிக்கொண்டிருந்த மண்டபத்து ஆள் இவரைப் பார்த்ததும், "சமையலுக்கு வந்தவங்களா? பின்வாசல் பக்கம் போங்கண்ணே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இவரோ பெண்ணுக்குத் தாய்மாமன்.

அந்தப் பின்வாசலைத்தான் மாற்ற வேண்டும். சைக்கிள் நல்லது, உடம்புக்கு நல்லது, காற்றுக்கு நல்லது என்று எத்தனை பேர் சொல்லியாயிற்று! கெத்து இல்லாத பொருளை இளவட்டம் தொடாது. இதை மற்ற ஊர்க்காரர்கள் நமக்கு முன்பே கண்டுகொண்டார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மைக்கேல் கோல்வில்-ஆண்டர்சன் என்பவர் 2006-ல் சிக்னலில் ஒரு பெண்ணைப் படமெடுத்தார். ஸ்கர்ட்டும் பூட்ஸுமாகச் சைக்கிளில் போகிற, அந்த ஊரில் தினமும் காண்கிற காட்சிதான். அந்தப் படத்தில் தொடங்கி, நன்றாக உடுத்திச் சைக்கிளில் போகிறவர்களைப் படமெடுக்கும் பழக்கம் 'சைக்கிள் ஷிக்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. லண்டனில் 2009 முதல் பழைய பாணிக் கம்பளிக் கோட்டும் டையும் அணிந்து கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-ல் தொடங்கிய வழக்கம் ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கு மேல் சாலைகளை மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். நாம் அப்படிக் கேட்கப் போவதில்லை. தனுஷ்கோடி வரை போகிற பெரிய ரோடு நமக்கு ஒன்றே ஒன்றுதான்.

கடல் கடந்து போவானேன்? பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலமாக நின்றார். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி பறக்க, மணியடித்துக்கொண்டு ஊரை வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட வசதி. எங்கள் குழுவிலுள்ள பெண்கள் இந்தக் கதையைச் சொல்லித்தான், கொட்டகை வண்டிகளில் பாதி பெண்களுக்கு என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். கடல்பாசி எடுக்கவும் மீன் விற்கவும் போகிற அக்காமார் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு நமக்குத் தெரியாததா?

சரி, வண்டிகளுக்கு வருவோம். உங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவரில் சாய்ந்து கிடக்கிறதே, அதுதான் எங்களுக்கு வேண்டும். அதைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் உப்புக்காற்று தின்றிருக்கும். செயின் மடங்காமல் இரும்புக் கம்பியாக நிற்கும். ரிம்மில் கோட்டம் எடுக்கலாம் என்று, சக்கரக் கம்பியை ரிம்மோடு பிடிக்கிற நிப்பிளில் சாவியை வைத்தால் திரும்பாது. துரு அதைக் கம்பியோடு பிடித்து வைத்திருக்கும். அவசரப்பட்டு முறுக்கினால் கம்பி அறுந்து கையோடு வரும். மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறப்போட்டு, மறுநாள் கால் சுற்று, கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும். டயர் வெயிலில் விறைத்து வெடித்திருக்கும், பிரேக் கட்டை கல்லாகியிருக்கும். ஆனால் ஃப்ரேமைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சக்கர அச்சிலுள்ள கோனும் பால்ரஸும் மாற்றி, கிரீஸை நிறைய அப்பிப் பூட்டினால் இன்னும் பல வருடம் ஓடும். வேட்டியும் சேலையும் மாட்டாமல் இருக்க எல்லா வண்டிக்கும் முழுச் செயின் கவரும், பின்சக்கரத்துக்கு வலையும் போடுகிறோம். இதில் மட்டும் சிக்கனம் பார்ப்பதில்லை. பட்டுச் சேலை செயினில் மாட்டினால் என்ன நடக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

முன்பு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்ட பெரியவர் ஒருவர், சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குப் பஞ்சர் ஒட்டவும் சக்கரம் கோர்க்கவும் சொல்லித்தருவதாக இருக்கிறார். கூலி வேண்டாம் என்கிறார். கொடுத்தே தீருவோம் என்கிறோம், பேச்சு இன்னும் முடியவில்லை.

கணக்கு இது. ஒரு வண்டியைத் தேற்ற ஏறக்குறைய 1,800 ரூபாய் ஆகும். முதல் கட்டமாக 60 வண்டிகள், ஆக 1,08,000. கொட்டகைக்கு 1,20,000. இடத்தை ஊர்க்காரர் ஒருவர் ஐந்து வருடத்துக்கு வாடகையில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். தகரக் கூரை இந்தக் காற்றில் சீக்கிரம் இத்துப்போகும் என்பதால் ஓடு போடுகிறோம். கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கிற இடம் என்பதால் தரையையும் ஏற்ற வேண்டும். தொகை கூடியதற்குக் காரணம் இவை இரண்டும்தான். காற்றடிக்கும் மெஷின், ஸ்டாண்டுகள், ஸ்பேனர் செட் வகையறாவுக்கு 55,000. முதல் மூன்று உலாக்களுக்கு நீர்மோர், முதலுதவி, மைக் செட் என்று 27,000.

டி-சர்ட் அடிக்க மாட்டோம். ஃப்ளெக்ஸ் வைக்க மாட்டோம், யார் படமும் எங்கும் வராது. கொடுத்தவர் பெயரும் தொகையும் கொட்டகைச் சுவரில் கரும்பலகையில் இருக்கும், பெயர் வேண்டாம் என்றால் 'ஊர்க்காரர்' என்று எழுதுவோம். வரவு செலவை ஒவ்வொரு உலா முடிவிலும் மைக்கில் படிப்போம். தலைவர்கள் தாராளமாக வரலாம், சைக்கிளில் வந்தால்.

முதல் உலாவைத் தை மாதத்தில் வைத்திருக்கிறோம். வெயில் தாழ்ந்திருக்கும், வாடைக்காற்றும் தாங்குகிற அளவில் இருக்கும். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் உலா கிடையாது. கண்ணில் மணலை வாரி அடிக்கையில் பட்டுச் சேலை எங்கே நிற்கும்? பாதை, பெரிய ரோட்டைத் தவிர்த்து உள்தெருக்கள் வழியே வில்லூண்டி தீர்த்தம் வரை போய், வடகடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறலாமே என்று பையன்கள் கேட்கிறார்கள். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், பக்கவாட்டுக் காற்று, நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திப் புது ரயில் பாலத்தைப் படமெடுக்கிற சுற்றுலாக்காரர்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே போக மாட்டோம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போகலாம் என்றும் பேச்சு இருக்கிறது. அது பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் பின்னால். போகும்போது காற்று தள்ளிவிடும், திரும்பும்போது தெரியும்.

துபாயிலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கு ஒரு வண்டி, 1,800 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியின் மட்கார்டில் நீங்கள் சொல்கிற பெயரை பெயிண்டரைக் கொண்டு எழுதித் தருகிறோம், அம்மா பெயரோ பழைய காதலி பெயரோ, அது உங்கள் பாடு. ஊரில் இருப்பவர்கள் பத்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. ரசீது தராதவரிடம் காசு கொடுக்காதீர்கள், அவர் எங்கள் குழுவில் இருந்தாலும் சரி. வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருக்கிறது, இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகாது. கணக்கு எண்ணை உறுப்பினர்களிடம் நேரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி தருகிறவர்கள் தகவல் சொன்னால் குட்டியானை வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொள்வோம். பூட்டுச் சாவி இருந்தால் தயவுசெய்து சேர்த்துக் கொடுங்கள். இதுவரை வந்தவற்றில் பாதிக்குச் சாவி இல்லை.

இப்படிக்கு,
சைக்கிள் கொட்டகைக் குழு,
தங்கச்சிமடம்