உறுதிமொழியோடு முடிகிற பாடம்

பள்ளிகளில் சாதிப் பாகுபாடு குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் பள்ளி மாணவர்களே வெட்டிய கொடூரத்துக்குப் பிறகு, மாணவரிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனிலேயே அறிக்கை தந்துவிட்டது. ஆனாலும் எங்கள் பகுதி அரசுப் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வி என்பது மனித உரிமை நாளான டிசம்பர் 10 அன்று காலை வணக்கக் கூட்டத்தில் வாசிக்கும் உறுதிமொழியோடு சரி.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். உதவித்தொகைப் பட்டியலுக்காக ஓர் ஆசிரியர், "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பிலேயே சொன்னதைக் காதால் கேட்டேன். அவர் கெட்டவர் அல்லர். பட்டியலை அன்றைக்கே அனுப்பியாக வேண்டிய அவசரம். இப்படிப்பட்ட அன்றாடச் சூழல்களை வைத்தே ஆண்டுதோறும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். சத்துணவுப் பணியாளர்களையும் பெற்றோரையும் அதில் சேர்க்கலாம்.

– ஒரு பெற்றோர், திருநெல்வேலி