வாய்க்கு ருசி கேட்பது பிடிவாதம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதானவர்களின் உணவைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. புரதம் எவ்வளவு வேண்டும், உப்பை எவ்வளவு குறைக்க வேண்டும், சர்க்கரை ஆகுமா ஆகாதா. எல்லாம் தேவைதான். ஆனால் அந்தச் சாப்பாடு அவர்கள் வாய்க்கு விளங்குகிறதா என்று கேட்டு ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. முதியோர் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"எதைத் தின்னாலும் மண்ணாட்டம் இருக்கு", "நாக்கு செத்துப் போச்சு." வார்டில் இந்தப் பேச்சு கேட்காத நாளே இருக்காது. பக்கத்தில் நிற்கும் மகனோ மருமகளோ, "இந்த வயசுல என்ன ருசி, மருந்துன்னு நெனச்சு முழுங்குங்க" என்பார்கள். இரவெல்லாம் கண் விழித்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர் சொன்னது அப்படியே உண்மை. அவர் உடம்பில் நடப்பதைத்தான் சொல்கிறார்.

நாக்கு நமக்குச் சொல்வது கொஞ்சம்தான். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேடா கண்டு பெயரிட்ட உமாமி, அதாவது காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் வரும் ருசி. மற்றதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு காபி குடித்துப் பாருங்கள், கசப்பும் சூடும்தான் மிஞ்சும். வயதாக ஆக முகரும் திறன் குறைகிறது. அதனால் பலருக்கு எல்லாச் சாப்பாடும் அந்தக் காபி மாதிரிதான். கொரோனாவில் மணம் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வாய் உலர்ந்தாலும் ருசி போய்விடும், எச்சிலில் கரைந்தது மட்டுமே நாக்குக்குத் தெரியும். வாயை உலர்த்தும் மாத்திரைகள் பல உண்டு. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை போட்டால் வாயில் இரும்பைக் கடித்தது போல் இருக்கும். சுவை மொட்டுகளில் உள்ள செல்கள் ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை புதிதாக முளைப்பவை. வாய், தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுக்கும்போது அது தடைபடுகிறது. பெரும்பாலும் சில மாதங்களில் ருசி திரும்பத் தொடங்கும். அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் நோயாளிக்கு எவ்வளவு தெம்பு!

இன்னொன்றும் உண்டு. "காரமா ஏதாவது குடு" என்று கேட்கும் பெரியவரை நாக்கு நீளம் என்று ஏசுவார்கள். உறைப்பை உணர்வது சுவை மொட்டு அல்ல, சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு. அந்த நரம்பில் மிளகாயின் உறைப்பை எந்த ஏற்பி (உணர்ந்து வாங்கும் புரதம்) வாங்குகிறது என்று கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர். மணமும் ருசியும் மங்கிய பிறகும் இந்த வழி ஓரளவு திறந்திருக்கும். அவர் கேட்பது தனக்கு இன்னும் தெரிகிற ஒன்றை.

என்னை மிகவும் வருத்துவது அரைத்த சாப்பாடு. விழுங்க முடியாதவர்களுக்குச் சோறு, காய், குழம்பு, கீரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மிக்சியில் அடித்து, மண் நிறத்தில் ஒரு கூழாகக் கொண்டு வருவார்கள். ஒரு அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு மூன்று வேளையும் மறுத்தார். ஒன்றும் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "பிடிக்கலேன்னு இல்ல சிஸ்டர். எதைத் தின்னுறேன்னே தெரியல. அதை மட்டும் சொல்லிட்டுக் குடும்மா" என்றார். மறுநாள் காயைத் தனியாக, பருப்பைத் தனியாக அரைத்துக் கொண்டு வரச் சொன்னோம். வாயைக் கொப்பளிக்க வைத்து, ஒவ்வொன்றையும் இளஞ்சூட்டில் மூக்கருகே காட்டி, பெயர் சொல்லி ஊட்டினோம். முழுத் தட்டும் காலியாகவில்லை. ஆனால் பருப்பை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். செலவு கூடவில்லை, கழுவ இரண்டு கிண்ணம் கூடியது, அவ்வளவுதான்.

மூக்கு வழியாகக் குழாயில் உணவு செலுத்தப்படுகிறவர்களின் நிலை இன்னும் கஷ்டம். வயிறு நிறைகிறது, வாய்க்கு ஒன்றுமே வருவதில்லை. மருத்துவர் சரி என்றால், பஞ்சில் நனைத்த ஒரு துளிப் பழச்சாற்றை நாக்கில் தடவலாம். புரை ஏறும் ஆபத்து இருப்பதால் கேட்காமல் செய்யவே கூடாது. அனுமதி கிடைத்த இடத்தில் அதைச் செய்திருக்கிறேன். கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, அடுத்த துளிக்கு வாயைத் திறப்பார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டோடு "வாய்க்கு ருசி தெரிகிறதா" என்ற கேள்வியையும் மருத்துவமனைகள் கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் எந்த மருந்தால், எத்தனை நாளைக்கு என்று விளக்க வேண்டும். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், அரைத்த உணவைத் தனித்தனியாகத் தயாரித்து ஊட்டும் முறையைப் படத்தோடு வெளியிட வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு ஊட்டுகிறவர்கள் அதை வெட்டி அடுப்படியில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்