பேட்டரியில் ஓடும் குட்டி ரயில்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

மாதிரி ரயில் நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் தோட்டத்து ஜி அளவு இன்ஜின்களும் மேசை மேல் ஓடும் ஓஓ அளவு இன்ஜின்களும் இப்போது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் வாங்குவதில்லை. பேட்டரி உள்ளேயே இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் சொன்னபடி ஓடுகின்றன. கறுத்துப்போன பித்தளைத் தண்டவாளத்தை ஓட்டத்துக்கு முன் தேய்த்துக்கொண்டிருக்கும் வேலை ஒழிந்தது. வளைந்து தன்னோடே வந்து சேரும் பாதையில் பிளஸ்ஸும் மைனஸும் முட்டிக்கொள்ளும் தொல்லையும் ஒழிந்தது. இதற்கு உதவியவர்கள் தங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். பெயரை விட்டுவிடுகிறோம். சொல்லிக்கொடுத்ததை மட்டும் எழுதிவைக்கிறோம், அடுத்தவர்களுக்கும் ஆகட்டும்.

முதல் நன்றி, "ரேடியோவை அப்புறம் பார்ப்போம், முதலில் மோட்டாரைத் தனியாகப் பிரியுங்கள்" என்று பிடிவாதம் பிடித்தவருக்கு. இந்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். சக்கரத்தை உரசி மின்சாரம் எடுக்கும் பிக்கப் தகடுகளின் இணைப்பு மிச்சமிருந்தால், ரிசீவர் (டிரான்ஸ்மிட்டர் சொல்வதைக் கேட்டு மோட்டாரை ஓட்டும், இன்ஜினுக்குள் இருக்கும் போர்டு) மோட்டாருக்கு அனுப்பும் மின்சாரம் தண்டவாளத்துக்கும் போகும். அதே பாதையில் சும்மா நிற்கும் சாதாரண இன்ஜின் தானாக நகரும். அது வேடிக்கையோடு போய்விடும். மின்சாரம் ஓடும் வேறொருவர் பாதையில் வண்டியை வைத்தால் அந்த மின்சாரம் ரிசீவருக்குள் பின்பக்கமாக நுழையும், ரிசீவர் கருகிவிடும். ஆகவே மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து, மோட்டாரின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு சக்கரத்தையும் அடிச்சட்டத்தையும் தொட்டுப் பாருங்கள். ஓர் இடத்திலும் சத்தம் வரக்கூடாது.

எட்டுத் துளை டிசிசி சாக்கெட் (டிஜிட்டல் கட்டுப்பாட்டு போர்டைச் செருகும் இடம்) உள்ள புதிய இன்ஜின்களில் இது சுலபம். சாக்கெட்டில் இருக்கும் வெற்றுப் பிளக்கைக் கழற்றினாலே மோட்டாரும் பிக்கப்பும் பிரிந்துவிடும். ரிசீவரின் மோட்டார் ஒயர்கள் 1, 5 துளைகளுக்குப் போக வேண்டும். 4, 8 இரண்டும் சக்கரத்திலிருந்து வருபவை, அவை காலியாகவே கிடக்கட்டும். பழைய ஓஓ இன்ஜின்களில் வந்த எக்ஸ்04 என்ற மோட்டாரில்தான் பலரும் மாட்டிக்கொள்வது. அதில் கார்பன் பிரஷ்களை அழுத்தும் ஸ்பிரிங்குக்கு இரண்டு கால்கள். ஒரு காலில் மட்டும் சிறிய இன்சுலேஷன் ஸ்லீவ் இருக்கும், மற்றது மோட்டார் உடம்போடு ஒட்டியது. அந்தக் காலுக்கும் ஒரு துண்டு ஸ்லீவ் மாட்டினால் இரண்டு பிரஷ்களும் தனித்துவிடும். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஒரு விரலால் அமுக்கிக்கொள்ளுங்கள், தெறித்தால் தேடிக் கிடைக்காது.

அடுத்து, பேட்டரிக் கணக்கைப் போட்டுக் காட்டியவருக்கு நன்றி. ஓஓ இன்ஜின் 12 வோல்ட்டில் 0.25 ஆம்பியர் எடுத்தால் அது 3 வாட். ஒற்றை 3.7 வோல்ட் லித்தியம் செல்லிலிருந்து வோல்ட்டை உயர்த்தும் பூஸ்டர் போர்டு வழியாக 12 வோல்ட்டுக்கு ஏற்றினால், 15 சதவீத இழப்பையும் சேர்த்து, செல்லிலிருந்து ஏறக்குறைய 0.95 ஆம்பியர் போகும். 800 மில்லிஆம்பியர்-மணி கொண்ட 14500 செல் 50 நிமிடத்தில் காலி. அதே செல் இரண்டைத் தொடராக இணைத்து 7.4 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் மூன்று மணி நேரம் ஓடும், வேகம்தான் குறையும். யார்டில் பெட்டி தள்ளும் இன்ஜினுக்கு அந்த வேகமே தாராளம், பூஸ்டர் தேவையே இல்லை என்பது எங்கள் கட்சி. ஒரு எச்சரிக்கை: 14500 செல்லும் சாதாரண ஏஏ செல்லும் பார்க்க ஒரே அளவு. ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

பூஸ்டர் போட்டே ஆகவேண்டும் என்றால், எம்டி3608 வகை போர்டு 28 வோல்ட் வரை ஏற்றக்கூடியது. கடையிலிருந்து வரும்போது அதன் திருகு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ரிசீவரை இணைக்கும் முன்பே மீட்டர் வைத்து 12 வோல்ட்டுக்குத் திருகிவிடுங்கள். பல சுற்று சுற்றும்வரை எண் அசையாது, போர்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சார்ஜர் விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியவருக்குத் தனி நன்றி. டிபி4056 என்ற சார்ஜர் போர்டு வரும்போதே 1 ஆம்பியருக்கு அமைந்திருக்கும். குட்டி இன்ஜினில் வைக்கும் 150 மில்லிஆம்பியர்-மணி செல்லுக்கு அது கொலைகாரச் சார்ஜ், செல் சூடாகி உப்பிவிடும். போர்டில் 122 என்று அச்சிட்ட பொடி ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோஓம், அதாவது 103 என்று அச்சிட்டதை வைத்தால் சார்ஜ் 130 மில்லிஆம்பியராக இறங்கும். சுவிட்சையும் அவர் சொன்ன விதமாகவே போடுங்கள்: நடுக்கால் பேட்டரி பிளஸ்ஸுக்கு, ஒரு பக்கம் ரிசீவருக்கு, மறுபக்கம் சார்ஜ் சாக்கெட்டுக்கு. சார்ஜ் ஏறும்போது ரிசீவரும் இழுத்துக்கொண்டிருந்தால் செல் நிறைந்ததைச் சார்ஜரால் கண்டுபிடிக்க முடியாது. தொடராக இணைத்த இரண்டு செல்லுக்கு இந்த போர்டு ஆகாது, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்துச் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜர்தான் வேண்டும்.

ரிசீவர் ஆன்டெனாவின் 31 மில்லிமீட்டர் நுனியை வெட்டவோ மடிக்கவோ கூடாது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் எங்கேயும் வைக்கலாம். பித்தளைக் கூடாக இருந்தால் சிக்னல் உள்ளே நுழையாது, டெண்டரின் (நீராவி இன்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி வண்டியின்) நிலக்கரிக் குவியல் வழியாக நுனியை வெளியே நீட்டிவிடுங்கள். சிக்னல் அறுந்தால் வண்டி நிற்க வேண்டும் என்ற அமைப்பை மறக்காமல் போட்டுவிடுங்கள்.

தோட்டத்து ஜி அளவுக்கு இடப் பஞ்சம் இல்லை. 11.1 அல்லது 14.8 வோல்ட் பேட்டரியை முதல் பெட்டியில் வைக்கலாம். ரிசீவர் வாங்கும் முன், முழு வோல்ட்டில் சக்கரத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்தி ஆம்பியர் பாருங்கள். ரிசீவரின் தாங்குதிறன் அதற்கு மேல் இருக்க வேண்டும். (ஜி அளவு அசலில் 22.5-ல் ஒரு பங்கு. அதன் 45 மில்லிமீட்டர் பாதையை 22.5-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு மீட்டர், அதாவது நம் ஊட்டி ரயிலின் மீட்டர் கேஜ். அந்த ஆசையும் சிலருக்கு உண்டு.)

கடைசியாக, தம் டிரான்ஸ்மிட்டரை இரவல் தந்த நண்பருக்கு நன்றி. நண்பரே, இந்த வாரம் திருப்பித் தருகிறோம். எங்கள் ரிசீவர்களை வேறு டிரான்ஸ்மிட்டரோடு 'பைண்ட்' செய்யும்வரை, அதாவது ஜோடி சேர்க்கும்வரை, அவை உங்கள் டிரான்ஸ்மிட்டரின் பேச்சைத்தான் கேட்கும். எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் அதை ஆஃப் செய்துவிட்டு வாருங்கள்.