ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அரசு அலுவலகத்துக்கு இந்த வருடம் பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஊர்க் குளங்களான ஊருணிகளை அளந்து எழுதிய அறிக்கைகள் எல்லாம் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன. மதிப்பீடும் முடிந்தது, யாருடைய மதிப்பெண்ணும் நிற்கவில்லை. போன வாரம் அறிக்கைகளை முடிக்கக் கடைசி நேரத்தில் ஓடிய ஓட்டம் இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும், பாதிப் பேர் கூடவே நின்றீர்கள், அதனால் அதை முழுக்க இங்கே இழுக்கவில்லை. இன்றைக்குத்தான் நிம்மதியாக உட்கார முடிந்தது. ஆறப்போட்டால் விட்டுப்போகும் என்று உடனே எழுதுகிறேன்.

முதலில் ஜெராக்ஸ் கடை அண்ணன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

அன்று ராத்திரி பென் டிரைவை எடுத்துக்கொண்டு நாங்கள் போனபோது ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். விடிந்தால் அறிக்கை கொடுக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் கேட்காமல் ஷட்டரைத் தூக்கிவிட்டார். அதுவே எனக்குப் பெரிய உதவிதான். பிரிண்ட் போட்டுத் தருவார், ஸ்பைரல் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவரோ முதல் அறிக்கையில் வந்த ஊருணி வரைபடத்தைக் கையில் எடுத்தவர், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். டிராயரைத் திறந்து ஒரு அடிஸ்கேலை எடுத்தார், படத்தின் மூலையில் இருந்த அளவுக்கோட்டின் மேல் வைத்தார்.

"மேடம், இதுல ஒண்ணுக்கு ஆயிரம்னு போட்டிருக்கு. கோடு அம்பது மீட்டர். அப்ப அஞ்சு சென்டிமீட்டர் இருக்கணும்ல? மூணரைதான் இருக்கு."

தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் பத்து மீட்டர் என்று கணக்கு. எனக்கு ஒரு நிமிடம் ஓடவில்லை. படம் ஏ3 தாளுக்கு வரைந்தது. கணினி அதை ஏ4 தாளுக்குள் அடங்கும்படி தானாகவே சுருக்கிவிட்டது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது, எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அந்தத் தாளில் ஸ்கேல் வைத்து யாராவது அளந்தால் நூறு மீட்டர் கரை எழுபது மீட்டர்தான் வரும். பரப்பு என்று கணக்குப் போட்டால் பாதிதான். வெயிலில் டேப் பிடித்துப் பிள்ளைகள் அளந்த ஊருணியில் பாதி அந்தத் தாளிலேயே காணாமல் போயிருக்கும்.

அவர் அதோடு விடவில்லை. பட்டா நகல், நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படம் என்று ஊர் சனம் எடுத்து வருகிற தாள்களை வருடக்கணக்காகப் பார்த்தவர். "தாள்ல ஒருக்கா சுருங்கிட்டா அப்புறம் ஆபீஸ்லயும் கோர்ட்லயும் அந்தத் தாள்தான் மேடம் பேசும்" என்று சொல்லிக்கொண்டே போட்டவரைக்கும் அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு, உள்ளது உள்ள அளவிலேயே வரும்படி மாற்றி, ஏ3 தாளில் புதிதாகப் போட ஆரம்பித்தார். பெரிய தாள் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் இன்னொரு கடைக்காரரை எழுப்பி ஒரு கட்டு வாங்கிவரச் சொல்லித் தன் பையனை வண்டியில் அனுப்பினார். ஒவ்வொரு படம் வெளியே வந்ததும் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார்.

அப்புறம் மடிக்கிற முறை. பெரிய படத்தைக் கோப்பில் சேர்க்கும்போது எப்படி மடித்தால் தைத்த பிறகும் இழுத்து விரிக்கலாம், தலைப்பு மேலே தெரியும்படி எந்த ஓரத்தை உள்ளே விட வேண்டும் என்று அங்கே நின்ற ஒரு மாணவிக்குச் செய்து காட்டினார். அந்தப் பிள்ளை கவனமாகப் பார்த்துவிட்டு மீதிப் படங்களைத் தானே மடித்தாள், நகத்தால் மடிப்பை நீவி நீவி. வீணான தாளுக்கு அண்ணன் காசு வாங்கவில்லை. நான் வற்புறுத்தியபோது, "இது நம்ம ஊர் ஊருணி மேடம்" என்றார், அவ்வளவுதான்.

அண்ணே, உங்களுக்கு யாரும் ஆணை போடவில்லை. படத்தைப் பார்க்காமலே போட்டுத் தந்திருந்தாலும் உங்களை ஒருத்தரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் வரைந்ததை, நாளைக்கு ஒருவர் இதை வைத்து அளக்கப் போகிறார் என்று நினைத்துப் பார்த்தீர்கள் பாருங்கள், அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் அரசு அலுவலகத்தில் பயிற்சி என்றால் பல இடங்களில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஓரமாக ஒரு நாற்காலி, பதிவேட்டில் வரிசை எண் போடும் வேலை, கடைசி நாளில் முத்திரையோடு ஒரு சான்றிதழ். அறிக்கை பீரோவுக்கு மேலே போய்விடும். எங்கள் பிள்ளைகள் செய்தது அப்படியான வேலை இல்லை. செட்டிநாட்டு ஊர்களில் ஓட்டுக் கூரைத் தண்ணீர் வீட்டு நடு முற்றமான வளவுக்குள் விழுந்து, வீட்டைவிட்டு வெளியேறி, தெரு வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். அந்த வழி இன்று எங்கே அடைபட்டிருக்கிறது, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்த இடத்தில் வீட்டு மனைக்குள் போய்விட்டது என்று இவர்கள் நடந்து பார்த்து, கிராம நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டில் இருக்கும் பரப்போடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். ஏரி, கண்மாய்களில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அதிலும் முதல் வேலை அளந்து எல்லையைக் குறிப்பதுதான். அளவு தப்பினால் மேற்கொண்டு எதுவும் நிற்காது.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதமே எழுதலாம். கத்திரி வெயிலில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்த ஆச்சி, வரத்துக்கால் முழுக்கக் கூடவே நடந்து பழைய மடை இருந்த இடத்தைக் காட்டிய, கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சி ஐயா, பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர், அவருடைய உதவியாளர், கண்மாய்க் கரையில் நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்ட கண்டக்டர், விடுமுறை நாளிலும் வந்து கையெழுத்துப் போட்ட பேராசிரியர்கள், பயணப்படிக் கோப்பைத் தூங்கவிடாமல் தள்ளிய எங்கள் கணக்குப் பிரிவு, ராத்திரி நேரம் கழித்து வந்த பெண் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருந்த விடுதிக் காப்பாளர் அம்மா. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. யாராவது விட்டுப்போயிருந்தால் கூப்பிட்டுத் திட்டுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வாக்கு. நான் இந்தப் பொறுப்பில் இருக்கிறவரை, பயிற்சிக்கு வருகிற எந்தப் பிள்ளையும் தனக்கென்று ஒரு வேலை இல்லாமல் இந்த அலுவலகத்தில் உட்கார மாட்டார். அவர்களுடைய அறிக்கைக்கு அலுவலகக் கோப்பு எண்ணான ந.க. எண் போட்டு நடப்புக் கோப்பில் சேர்ப்போம், சம்பந்தப்பட்ட ஊராட்சிக்கு ஒரு படி போகும். இந்த முறை அறிக்கைகளுக்கு நேற்றே எண் போட்டாகிவிட்டது. அடுத்த அணிக்கு முதல் வாரத்திலேயே அளவுகோல், படம் எடுப்பது, மடிப்பது எல்லாம் சொல்லித்தர அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை என்று தயங்கினார். பேசவே வேண்டாம், அன்றைக்குச் செய்த மாதிரி செய்து காட்டுங்கள் போதும் என்றேன். சரி என்றிருக்கிறார்.

சான்றிதழ் இன்னும் வாங்காத பிள்ளைகள் வேலை நாட்களில் மதியத்துக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது உங்கள் படத்தின் மூலக் கோப்பையும் எடுத்து வாருங்கள், அலுவலகத்தில் ஒரு படி இருக்கட்டும்.